பதிவேட்டில் ஒரு சொல்

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில், நிகண்டுகளுக்கும் பழைய சிற்றிதழ்க் கட்டுகளுக்கும் நடுவே, ஒரு பச்சை நிறக் கோப்பு 2019 ஆகஸ்டு முதல் இருந்துவருகிறது. நாங்கள் இருவரும் தமிழ் முதுகலை படித்தவர்கள். இருபதாண்டுகளாகக் கல்லூரியில் பாடம் சொல்லிப் பிழைப்பவர்கள். பாடபேதம் பற்றி வகுப்பெடுக்கும்போது, ஏடெழுதியவன் ஓர் எழுத்தை மாற்றி எழுதினால் ஒரு பாட்டின் பொருளே திரிந்துபோகும் என்று மாணவர்களிடம் சலிக்காமல் சொல்லிவந்திருக்கிறோம். அந்த உண்மை ஒரு மருத்துவமனைப் பதிவேட்டின் உருவில் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும் என்று மட்டும் எண்ணியதில்லை.

தம்பி ஆரணியில் பட்டு நெசவாளி. எங்களில் ஒருவருக்கு உடன்பிறந்தவன், மற்றவருக்கு மைத்துனன். ஆயினும் இருவருமே அவனைத் தம்பி என்றுதான் சொல்வது. வீட்டுக்குள்ளேயே குழித்தறி. விபத்தன்று முடித்த சேலையை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, அடுத்த சேலைக்கான பாவையும் பட்டையும் வண்டியின் முன்புறம் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான். எதிரே வந்த பால் வேன் ஒன்று முன்னால் சென்ற மாட்டுவண்டியை முந்துவதற்காக வலப்பக்கம் ஏறி வந்து அவன் வண்டியை உரசித் தள்ளியது. வலது முழங்காலுக்குக் கீழ் எலும்பின் தலைப்பகுதி நொறுங்கிவிட்டது. தலைக்கவசம் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாவு நூலெல்லாம் இரத்தம். பின்னால் அந்தப் பாவின் விலையையும் முதலாளி கணக்கில் பிடித்துக்கொண்டார்.

வேன் நிற்கவில்லை; ஆனால் அதன் எண்ணைச் சாலையோரத்துக் கடைக்காரர் ஒருவர் பார்த்துவைத்திருந்தார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ ஓட்டுநர் தம்பியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில்தான் வந்தது. எங்களுக்கு அது வாய்க்கவில்லை. தகடும் திருகாணிகளும் வைத்துத் தைத்து அனுப்பியபோது, வட்டிக்கு வாங்கிய பணம் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம் கரைந்திருந்தது.

மருத்துவமனையில் இரண்டாம் நாளே ஒருவர் வந்தார். பழக்கூடை கொண்டுவந்திருந்தார், நலம் விசாரித்தார், நாங்கள் தம்பியின் நண்பர் என்றும், தம்பி எங்கள் நண்பர் என்றும் நினைத்துக்கொண்டோம். புறப்படும்போதுதான் பையிலிருந்து ஐந்தாறு காகிதங்களை எடுத்தார். வக்காலத்துப் படிவம் ஒன்று, மற்றவை வெற்றுத்தாள்கள். “நீங்க பத்து பைசா செலவு பண்ண வேணாம் சார். எல்லாம் நாங்க பார்த்துக்குறோம். பணம் வந்த பிறகு நூத்துக்கு முப்பது” என்றார். இழப்பீட்டில் பங்கு என்று பேசிக்கொண்டு வழக்கு நடத்தக் கூடாது என்று வழக்குரைஞர் மன்றத்தின் நடத்தை விதிகளே தடுக்கின்றன என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரியாதபோதும் கையெழுத்துப் போடாமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் மதிநுட்பமன்று. வெற்றுத்தாளில் கையெழுத்திடுவது ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இயல்பாகவே கூச்சம் தருவது, அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவரின் மகன் போட்டுவிட்டான்.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனது மூன்றாம் நாள். இந்த மூன்று நாள் தாமதத்துக்கு நாங்கள் பிறகு நிறையப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் புகார் நினைவு வரவில்லை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. புகாரை நாங்களே எழுதிக்கொண்டு போயிருந்தோம். முதல் வரியிலேயே ‘கூற்றுவனைப் போல்’ வேன் வந்ததாக எழுதியிருந்தோம் என்று நினைக்கும்போது இப்போது வெட்கமாக இருக்கிறது. நிலைய எழுத்தர் அதைப் பொறுமையாகப் படித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா இதை வச்சு எஃப்.ஐ.ஆர். போட முடியாது” என்று சொல்லி வேறொரு தாளை எடுத்து அவரே எழுதத் தொடங்கினார். வாகனத்தை அதன் ஓட்டுநர் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டி வந்து மோதியதாக அதில் ஒரு தொடர் வந்தது. தமிழ்நாட்டில் விபத்துப் புகார் படித்தவர்கள் எல்லோருக்கும் இந்தத் தொடர் மனப்பாடமாக இருக்கும். அஜாக்கிரதை என்ன சொல், கவனக்குறைவு என்று எழுதலாமே என்று எங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டோம். அந்த இரண்டு சொற்களும் அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவிலுள்ள இரண்டு சொற்களுக்கு நேர் நிகரானவை என்பதும், அவற்றில் ஒன்றேனும் இல்லாவிட்டால் குற்றம் நிலைக்காது என்பதும் பின்னால்தான் புரிந்தது. 2024 ஜூலை முதல் அந்தப் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 281 ஆகிவிட்டது. அஜாக்கிரதை மட்டும் இடம் மாறவில்லை என்றே கேள்விப்படுகிறோம். அந்த எழுத்தர் நாற்பது சொற்களில் எழுதியதில் ஒரு சொல்லை எடுக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. யாப்பு என்று நாங்கள் வகுப்பில் சொல்வது வேறென்ன?

வழக்குரைஞராக வாய்த்தவர் எங்கள் பழைய மாணவி. இளங்கலையில் பகுதி ஒன்று தமிழ் எங்களிடம் படித்தவர். படித்தார் என்பது உபசாரம், கடைசி வரிசையில் உட்கார்ந்து சட்டக் கல்லூரி நுழைவுக்கான பொது அறிவுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தவர். இப்போது எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

தம்பி மனைவிக்கு ஒரு ஐயம் இருந்தது. “வருசா வருசம் நம்ம வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் கட்டுறோமே அண்ணி, அவங்க தர மாட்டாங்களா?” இந்தக் கேள்வி அவளுடையது மட்டுமன்று, எங்களுடையதும்தான். மாணவி விளக்கினார். நாம் கட்டாயமாகக் கட்டும் காப்பீடு மூன்றாம் நபருக்கானது. நம் வண்டியால் அடிபட்ட பிறருக்கு நம் சார்பில் நிறுவனம் பணம் கொடுக்கும். நாம் அடிபட்டால், நம்மை இடித்த வண்டியின் நிறுவனம்தான் கொடுக்க வேண்டும். நம் வண்டியின் பத்திரத்தில் உரிமையாளர்-ஓட்டுநருக்கென்று தனிநபர் விபத்துக் காப்பு ஒன்று உண்டு. 2018இல் அதைப் பதினைந்து இலட்சமாக உயர்த்தினார்கள். ஆனால் அது உயிர் போனால், கண் போனால், கையோ காலோ போனால், அல்லது அடியோடு முடங்கிப்போனால் கொடுப்பது. “கால் இருக்கே மேடம். மடங்கலைன்னா அதுக்கு அந்தப் பாலிசியில கட்டம் இல்லை” என்றார். பின்னால் அமர்ந்து போகிறவரின் நிலை இன்னும் மோசம். அவர் ஏறியிருந்த வண்டிக்கு வெறும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்து, தவறும் அந்த வண்டி மீதே இருந்தால், அந்த நிறுவனம் அவருக்குப் பொறுப்பில்லை என்று 2006இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்று மாலையே எங்கள் வண்டியின் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பார்த்தோம். பதினான்கு ஆண்டுகளாகப் புதுப்பித்துவந்ததை முதன்முறையாகப் படித்தோம்.

அதன் பிறகு அவர் ஒரு தாளை எங்கள் பக்கம் தள்ளினார். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்த விபத்துப் பதிவேட்டின் நகல். மருத்துவமனைக்குக் கொண்டுவந்த உடனே பணி மருத்துவர் எழுதுவது. எங்கே, எப்போது, எப்படி என்ற மூன்று கேள்விகளுக்கு விடை. எப்படி என்பதற்கு நேரே, ‘இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்ததாகக் கூறப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு வரி.

விழுந்ததாக.

வேன் இல்லை. மோதல் இல்லை. தம்பி அரை மயக்கத்தில் இருந்தான். கொண்டுவந்த ஆட்டோ ஓட்டுநரிடம் மருத்துவர் கேட்டிருக்கிறார். அவரும் “வண்டியிலேர்ந்து வுழுந்துட்டாருங்க” என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. அவர் பார்த்தது அதைத்தான்; வேன் உரசியபோது அவர் வளைவுக்கு அப்பால் இருந்தார். பேச்சுத் தமிழில் அடிபட்டு விழுந்தாலும் விழுந்ததுதான், தானே விழுந்தாலும் விழுந்ததுதான். தன்வினை, பிறவினை என்று வகுப்பில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து எழுதிப் போட்டிருக்கிறோம். விழுந்தான், வீழ்த்தினான். அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் தம்பி நிற்கிறான் என்பதை வைத்துத்தான் அவனுக்கு ஒரு காசேனும் கிடைக்குமா என்பது முடிவாகப் போகிறது என்றார் மாணவி. தானே விழுந்தவனுக்குப் பால் வேனின் காப்பீட்டு நிறுவனம் ஏன் கொடுக்க வேண்டும்? மூன்று நாள் கழித்து யோசித்து ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று அவர்கள் சொல்வார்கள்.

சொன்னார்கள். எதிருரையில் அச்சுக்கோத்தாற்போல அதையே சொன்னார்கள். இங்கே நடுநிலையாக ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். நடக்காத மோதலுக்கு வண்டி எண் கொடுத்து வழக்குப் போடுகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். பழக்கூடையோடு வந்தவர் போன்றவர்களுக்கு அது தொழில். ஆகவே ஐயப்படுவதற்கு நிறுவனத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. அந்த நியாயமான ஐயம் வந்து விழுந்த இடம் எங்கள் தம்பியின் முழங்காலாக இருந்தது என்பதுதான் எங்கள் குறை.

பாண்டியன் அவையில் கண்ணகியின் கையில் இன்னொரு சிலம்பு இருந்தது. உடைத்துக் காட்டினால் போதும், உள்ளே இருக்கும் பரல் பேசிவிடும். எங்கள் கையில் என்ன இருந்தது? வேனின் இடப்பக்க முன்மூலையில் சிராய்ப்பு இருந்திருந்தால் கதை கெட்டிருக்கும். வலப்பக்கம் ஏறி வந்து எதிர்வண்டியை உரசிய வேனுக்கு வலது மூலையில்தான் காயம் இருக்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை வலது மூலை என்றே சொன்னது. தம்பியின் வண்டியில் வலது கால்மிதி வளைந்திருந்தது என்றும் சொன்னது. குற்றவியல் நடுவர் மன்றத்தில் வேன் ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஆட்டோ ஓட்டுநரை மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். ஆரணிப் பேருந்து நிலையத்தருகே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நின்றோம். கிடைத்தார். முதலில் வர மறுத்தார். “தூக்கினு போனதே தப்பாயிருச்சு போல” என்றார். உதவி செய்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2019 திருத்தத்தில் அது சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தோம். அவரை அசைத்தது அது அன்று. தம்பியின் மூத்த மகன் உடன் வந்திருந்தான், அவன் ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தான்.

2020இல் மனுப் போட்டோம், உடனே கொரோனா. நீதிமன்றம் மூடித் திறந்து மீண்டும் மூடியது. இடையில் எங்களுக்குப் பழக்கமான கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், இது தெரிந்திருந்தால் பலர் ஏமாறமாட்டார்கள். 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கெண் அட்டவணை ஒன்றை நிலைப்படுத்தியது. இருபத்தைந்து வயது வரை பதினெட்டு. வயது ஏற ஏறக் குறையும். அறுபத்தைந்தைத் தாண்டினால் ஐந்து. தம்பிக்கு அப்போது 37, ஆகவே பதினைந்து. ஆண்டு வருமானத்தைப் பதினைந்தால் பெருக்கி, அதில் உழைக்கும் திறன் எத்தனை விழுக்காடு போயிற்றோ அதைக் கொடுக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்பவன் நாற்பது வயதுக்குட்பட்டிருந்தால் வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்காக நூற்றுக்கு நாற்பது சேர்க்க வேண்டும் என்று 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐவர் அமர்வு சொன்னது. இறந்தவர்களுக்கு மட்டுமன்று, உடல் ஊனமுற்றுப் பிழைத்தவர்களுக்கும் அது உண்டு என்று 2020இல் தெளிவாயிற்று. இந்தக் கணக்கில் இரண்டே இடங்களில்தான் சண்டை. வருமானம் எவ்வளவு, விழுக்காடு எவ்வளவு.

நெசவாளிக்குச் சம்பளச் சீட்டு ஏது? மாதம் பதினெட்டாயிரம் என்று கேட்டோம். சேலைக்குக் கூலி, அதிலும் பாதி முன்பணத்தில் கழியும். எல்லாம் முதலாளியின் சிட்டையில் பென்சிலால் எழுதியது. எட்டாயிரத்துக்கு மேல் ஆதாரம் இல்லை என்றது நிறுவனம். விழுக்காட்டில் இன்னும் பெரிய வேறுபாடு. மருத்துவக் குழு முப்பத்தைந்து என்று சான்றளித்தது. அது காலுக்கு முப்பத்தைந்து, முழு உடம்புக்குப் பார்த்தால் மூன்றில் ஒன்று, பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதாவது அவர்கள் கணக்கில் தம்பியின் எஞ்சிய உழைப்புக்காலத்தில் போனது ஒரு இலட்சத்து எழுபத்திரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். ஆங்கிலத்தில் ஒரு சிறு அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தார்கள். கூட்டலில் பிழை இல்லை.

இந்த இடத்தில் மாணவி நம்பியது ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற தீர்ப்பை. 2010 அக்டோபரில் நீதிபதி ஆர்.வி. இரவீந்திரன் எழுதியது. நாங்களும் இரவில் உட்கார்ந்து அதைப் படித்தோம். உரைநடை என்ற வகையிலேயே நல்ல எழுத்து. மருத்துவர் சொல்லும் ஊன விழுக்காடு வேறு, பிழைப்பில் ஏற்பட்ட இழப்பின் விழுக்காடு வேறு என்பதை அதில் ஓர் இடக்கையை வைத்து விளக்குகிறார். இடக்கை போன ஓட்டுநருக்கும் தச்சருக்கும் ஏறக்குறைய எல்லாமே போயிற்று. அதே கை போன அரசு எழுத்தருக்கு வேலை போகாமலும் இருக்கலாம். ஆகவே முதலில் அந்த மனிதன் என்ன வேலை செய்தான், இப்போது எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று கேள் என்கிறார்.

நிறுவனத்தின் வழக்குரைஞர் அதைத்தான் கேட்டார். குறுக்கு விசாரணை நாளில் தம்பி கூண்டில் ஏற இரண்டு படி இருந்தது. ஏறுவதற்குச் சற்று நேரமாயிற்று. தலைக்கவசம் அணிந்திருந்தீர்களா என்று தொடங்கினார். இல்லை என்றான். அடுத்த கேள்விக்கு அவர் குரலில் ஒரு நயம் வந்தது. “இப்போதெல்லாம் விசைத்தறி இருக்கிறதே. நின்றுகொண்டே பார்க்கலாம் அல்லவா?” தம்பி எங்களைப் பார்த்தான். பிறகு நீதிபதியைப் பார்த்துச் சொன்னான்: “ஐயா, அது வேற தொழிலுங்க. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிஞ்சது குழியில எறங்கி ஒக்காந்து ரெண்டு காலாலயும் மிதிக்கிறது. இந்தக் காலு அறுபது டிகிரிக்கு மேல மடங்கல. குழியில எறங்கினா ஏற ஆள் வேணும்.” நீதிபதி, குழித்தறி என்றால் எவ்வளவு ஆழம் என்று கேட்டார். தம்பி கையால் தன் தொடையைத் தொட்டுக் காட்டினான். அது எழுத்தில் எப்படிப் பதிவாயிற்று என்று தெரியவில்லை. தட்டச்சர் சற்று நின்று, பிறகு ஏதோ அடித்தார்.

தலைக்கவசக் கேள்வி எதற்கு உதவும் என்று வெளியே வந்து கேட்டோம். தலையில் அடிபட்டிருந்தால் குறைத்திருப்பார்கள், முழங்காலுக்கும் தலைக்கவசத்துக்கும் என்ன தொடர்பு என்றார் மாணவி. ஒரு வண்டியில் மூவர் போனார்கள் என்பதற்காகவே ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் பத்து விழுக்காடு குறைத்ததை 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திருத்தியிருந்தது. விதி மீறல் விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்ததென்று காட்டினால்தான் குறைக்கலாம். இருந்தாலும் அன்று முதல் தம்பி மகன்கள் இருவரும் தலைக்கவசம் இல்லாமல் வண்டியைத் தொடுவதில்லை.

இனிச் சொல்ல வேண்டியது சொல்லக் கடினமானது. 2021 இறுதியில் மக்கள் நீதிமன்றத்தில் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. நான்கு இலட்சத்து ஐம்பதாயிரம், விரைவில் காசோலை. மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு இல்லை, இருபுறமும் அத்தோடு முடிந்தது. தம்பி வாங்கிக்கொள்ளலாம் என்றான். கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. “மாமா, நாலரைன்னா கடன் அடைஞ்சிரும். தறி இருக்கும். பெரியவன் தறியில ஒக்காருவான், நான் பக்கத்துல இருந்து சொல்லித் தருவேன்” என்றான். அவன் மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் வேண்டாம் என்றோம். எங்களிடம் அட்டவணை இருந்தது, ராஜ்குமார் தீர்ப்பு இருந்தது, வலது மூலைச் சிராய்ப்பு இருந்தது. மாணவி இரு பக்கமும் எடுத்துச் சொல்லி முடிவை எங்களிடமே விட்டார். பதிவேட்டு வரி எப்படி வேண்டுமானாலும் போகலாம், ஒன்றுமே வராமலும் போகலாம் என்றும் எச்சரித்தார். ஆனாலும் அந்தப் பன்னிரண்டு விழுக்காடு எங்களைக் குத்திக்கொண்டே இருந்தது. அக்காவும் மாமாவும் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியும் என்று தம்பி தலையாட்டினான். அன்று நாங்கள் எதிர்த்து நின்றது நிறுவனத்தையா, அல்லது எங்கள் தம்பியை மூன்றில் ஒன்றாக வகுத்த அந்தத் தாளையா என்று இப்போது சரியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மானம் என்ற ஒன்றும் அதில் இருந்தது. அது யாருடைய மானம் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. எங்களிடம் மாதச் சம்பளம் இருந்தது. முடிந்ததைக் கொடுத்தும் வந்தோம். வட்டிக்கு அது ஈடாகவில்லை.

2022 பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில் தறியை விற்றுவிட்டான். எங்களிடம் விற்ற பிறகுதான் சொன்னான். மூத்தவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான். மாதம் ஒருமுறை வருகிறான்.

2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. வருமானம் பன்னிரண்டாயிரம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாற்பது விழுக்காடு சேர்த்தார்கள். குழித்தறியில் அமர முடியாது என்பதைக் கருதி உழைப்பிழப்பு நாற்பத்தைந்து விழுக்காடு. அந்தத் தலைப்பில் மட்டும் பதின்மூன்று இலட்சத்து அறுபதாயிரத்து எண்ணூறு. மருத்துவச் செலவு, வேதனை, உடனிருந்தவர் செலவு எல்லாம் சேர்த்துப் பதினேழு இலட்சத்து அறுபத்து மூவாயிரத்து எண்ணூறு, மனுத் தேதியிலிருந்து ஏழரை விழுக்காடு வட்டியோடு. நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போயிற்று, அதே பதிவேட்டு வரியைப் பிடித்துக்கொண்டு. வைப்பீடு செய்த தொகையில் பாதியை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. கடன் அடைந்தது. மீதிப் பாதி வங்கியில் இருக்கிறது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.

எங்கள் வழக்குக்குப் பிறகு சட்டம் சில இடங்களில் மாறிவிட்டது. 2022 ஏப்ரல் முதல், 48 மணி நேரத்துக்குள் காவல் அதிகாரி முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் இன்னொன்றும் நடைமுறைக்கு வந்தது, இதை யாரும் மறந்துவிடக் கூடாது: 166ஆம் பிரிவின் கீழ் மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற கெடு. 1994இல் எடுத்துவிட்ட கெடுவை 2019 திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. அதை எதிர்த்த வழக்குகளில், தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அதை நம்பிக் காலம் கடத்தாமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே நல்லது. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, அடிபட்டவர் வசிக்கும் ஊரிலேயே போடலாம். வழக்குரைஞருக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும், உயிரிழப்புக்கு இரண்டு இலட்சமும் கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரமும் பெறும் திட்டம் ஒன்று 2022 முதல் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால், மருத்துவமனையில் பதிவேடு எழுதும்போது அருகில் நிற்பவர் எந்த வண்டி மோதியது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சென்ற மாதம் ஆரணிக்குப் போயிருந்தோம். தறி இருந்த இடத்தில் குழியை மூடிச் சிமெண்டு பூசியிருந்தார்கள். அந்த இடம் மட்டும் தரையில் வேறு நிறமாகத் தெரிந்தது. தம்பி நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுத் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தான். தீர்ப்பு நகலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தான். ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். பதிவேட்டைப் பற்றிய பத்தி வந்ததும் இராட்டையை நிறுத்தினான்.

“அந்த வுழுந்துட்டாருன்றத அடிச்சிட்டாங்களா?”

அடிக்கவில்லை, அது மருத்துவமனை ஆவணம், அதை யாரும் அடிக்க முடியாது, அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாதென்றுதான் நீதிபதி எழுதியிருக்கிறார் என்றோம்.

“அப்ப அது அங்கயேதான் இருக்குது” என்றான். பிறகு இராட்டையைச் சுற்றத் தொடங்கினான்.